ஞானத்தகப்பன் அனுப்பிய இரண்டு பாட்டில்

எல் ஆல்ட்டோ,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனரும் என் காரின் ஞானத்தகப்பனுமாகிய திரு. எலாதியோ அவர்களுக்கு, நிக்கானோர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கோபகபானா மாதாவின் அருளால் இங்கே நானும் தங்கள் அக்காள் ஓர்த்தென்சியாவும் நலம். கார்தான் நலமில்லாமல் இருந்து தேறியிருக்கிறது. அங்கே சாந்தா குரூஸில் தாங்களும் தங்கள் மனைவியும் தங்கள் வியாபாரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வியாபாரம் மட்டும் கொஞ்சம் நலம் குறைந்து இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

மரியாதை இத்தோடு போதும், மச்சான். நீ உன் கடையிலிருந்து அனுப்பிய இரண்டு பாட்டிலும் வந்தன. ஒன்று என்ஜின் ஆயிலில் கலப்பது, தேன் மாதிரி கெட்டி, மேலே புலி படம். மற்றது பெட்ரோலில் கலப்பது, மூடியைத் திறந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்னவென்று கேட்டார். புகை நிற்கும், சத்தம் அடங்கும், என்ஜினுக்கு இளமை திரும்பும் என்று புலிக்குக் கீழே அச்சடித்திருந்தது. இளமை திரும்பும் என்றால் நானே ஒரு கரண்டி குடித்துப் பார்க்கலாமா என்று யோசித்தேன். என் நிலைமைதான் உனக்குத் தெரியுமே. தபால் ஆபீஸ் பென்ஷன் ரொட்டிக்குத்தான் சரியாக வருகிறது. உருளைக்கிழங்கும் இறைச்சியும் இந்தக் கார் ஓடினால்தான். இந்தச் சனிக்கிழமை டாக்சி சங்கத்தின் சோதனை. புகை விடுகிற வண்டி வரிசையிலிருந்து நீக்கப்படும் என்று தலைவர் காசிமிரோ சொல்லிவிட்டார். என் கார் விடுகிற புகையில் மீனே சுடலாம்.

ஊற்றுவதற்கு முன் மெக்கானிக் ரெமெதியோஸ் அம்மாளிடம் கேட்டேன். தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு ஆயில் கம்பியை உருவிப் பார்த்தாள். "அண்ணே, என்ஜினுக்குள்ள தேஞ்சுபோன பிஸ்டன் ரிங்கு பாட்டில்ல முளைக்காது. ஆயிலை நேரத்துக்கு மாத்துங்க, அது போதும். ரிங்கு மாத்தணும்னா எங்கிட்ட வாங்க" என்றாள். அவள் சொன்ன கூலிக்கு ஒரு கல்யாணமே பண்ணலாம், அதனால் அவள் பேச்சையும் முழுசாக நம்ப முடியவில்லை. நான் இரண்டுங்கெட்டானாக வீடு திரும்பினேன். உன் அக்காவுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. "மாதா கோயில் வாசல்ல, சாமியார் முன்னாடி, இந்த வண்டிக்கு ஞானத்தகப்பனா நின்னவன் என் தம்பி. அவன் பீரை ஊத்தி, பூ கட்டி, மந்திரிச்ச தண்ணி தெளிச்ச வண்டி இது. தகப்பன் மருந்து அனுப்பினா பிள்ளைக்குக் கொடுக்காம வச்சிருப்பீங்களா?" என்றாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

புலியை ஊற்றினேன். உண்மையைச் சொல்லவேண்டும், அன்று சாயங்காலம் புகை குறைந்தது, சத்தமும் அடங்கியது. உன் அக்கா தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். மறுநாள் விடியற்காலையில் வாசல் வாளியில் தண்ணீர் பாறையாக உறைந்து கிடந்தது. சாவியைத் திருப்பினேன். ஆறிப்போன சோளக் கஞ்சியில் கரண்டியைச் சுழற்றுவது போல ஒரு முனகல், அவ்வளவுதான். உங்கள் ஊர் வெயிலுக்கு அந்தக் கெட்டி ஆயில் ஓடும். இந்த மலைக் குளிரில் அது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து தள்ளிக் கிளப்பி ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனால், அங்கேயும் நிறுத்தியதும் அதே முனகல். முறை வந்தபோது கிளம்பாத வண்டி வரிசையின் வாலுக்குப் போகவேண்டும் என்பது சங்கத்து விதி. போனேன். காய்ந்த கிழங்கு மூட்டையோடு ஏறி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், இந்த வண்டி இன்னும் ஜெபம் முடிக்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லி இறங்கி முன் வண்டிக்குப் போய்விட்டாள்.

பாதி மருந்துதானே கொடுத்தோம், அதனால்தான் என்றாள் உன் அக்கா. அடுத்த பாட்டில் பெட்ரோலில் போயிற்று. அது சுத்தம் செய்யவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். டேங்கின் அடியில் தன் பாட்டுக்குச் சும்மா கிடந்த துருவை எல்லாம் கிளப்பிக் கொண்டுபோய் ஃபில்டரில் அடைத்தது. எங்கே அடைத்தது தெரியுமா? கோபகபானா போகும் வழியில், வண்டிகளை ஏரிக்கு அக்கரை சேர்க்கிற திகினாவில், மரத் தெப்பத்தின் மேல். கரை வந்துவிட்டது, கார் கிளம்பவில்லை. எனக்குப் பின்னால் ஒரு வெங்காய லாரி. தனிப் படகில் முன்னாலேயே வந்துவிட்ட என் பயணிகள் கரையில் நின்று என்னையே பார்க்கிறார்கள். தெப்பக்காரன் ரொம்பப் பொறுமையாகச் சொன்னான்: "ஐயா, நீங்க காசு கட்டினது அக்கரைக்குப் போறதுக்குத்தான். தெப்பத்துல குடியிருக்கறதுக்கு இல்ல."

பயணிகளும் லாரி டிரைவரும் நானும் சேர்ந்து தள்ளினோம். மாதாவைக் கும்பிட எங்களோடு வந்திருந்த உன் அக்கா மட்டும் காரைவிட்டு இறங்கவில்லை. தம்பியின் ஞானப்பிள்ளையை இந்த நிலையில் விட்டு இறங்கமாட்டேன் என்று ஜெபமாலையோடு உள்ளேயே இருந்தாள். அவள் எடையையும் சேர்த்துத்தான் தள்ளினோம். இதை அவளிடம் சொல்லிவிடாதே.

பிறகு ரெமெதியோஸ் ஃபில்டரை மாற்றி, உன் புலியை வடித்து எறிந்து, காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற சாதாரண ஆயிலை ஊற்றினாள். பெட்ரோல் பாட்டிலில், சாதாரண பெட்ரோலை உயர்ந்த பெட்ரோலாக்கும் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இந்த உயரத்தில் காற்றே மெலிசு, இங்கே சாதாரண பெட்ரோலே அதிகம் என்று சிரித்தாள். இப்போது ஒரே சாவியில் கிளம்புகிறது. புகை மட்டும் பழையபடி. ஆகவே மச்சான், நான் கண்டது இதுதான்: நல்ல ஆயிலை நேரத்துக்கு மாற்றி, ஃபில்டரைச் சுத்தமாக வைத்தால் போதும், பாட்டில் எல்லாம் அதை விற்கிறவன் என்ஜினுக்குத்தான் இளமை தரும். இனி ஒரு பாட்டிலும் அனுப்பாதே. ஞானத்தகப்பன் பதவி உன்னிடமே இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை பானெட்டுக்குப் பூ அனுப்பு. நாளைக்குச் சோதனை. பயமாக இருக்கிறது. இந்த வயதில் வரிசையை விட்டு இறக்கினால் வீட்டில் உட்கார்ந்து உன் அக்காவின் பேச்சைக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

உன் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உன் கூரை ஒழுகாதிருக்கட்டும், மாதா உனக்கு வேறு நல்ல வியாபாரம் ஒன்றைக் காட்டட்டும்.

இப்படிக்கு, உன் அக்காவின் கணவன்,
நிக்கானோர்.

பின்குறிப்பு (சனிக்கிழமை மதியம்): கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. விடியலில் கடும் உறைபனி. தலைவர் காசிமிரோவின் வண்டியே கிளம்பவில்லை. முதல் திருப்பிலேயே கிளம்பியது என் கார்தான். அதில் ஏறிக்கொண்டுதான் மற்ற வண்டிகளைச் சோதிக்கப் போனார். அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார், புகை பின்னால் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் இறங்கி, என் காரின் தலையைத் தட்டிக் கொடுத்து, தேறியது என்றார். "இந்தக் குளிர்லயும் இப்படிக் கிளம்புதே, என்னய்யா ஊத்துற?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், துணைக்கு வருகிறேன் என்று ஏறியிருந்த உன் அக்கா பின் சீட்டிலிருந்து, "என் தம்பி அனுப்பற மருந்துங்க" என்று சொல்லிவிட்டாள். சங்கத்து வண்டி எல்லாவற்றுக்கும் வேண்டுமாம். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு மச்சான். பெட்டி பெட்டியாக அனுப்பு, புலிப் பாட்டிலாகவே அனுப்பு, குளிர்காலம் முடிவதற்குள் அனுப்பு. எல்லாரும் ஊற்றட்டும். என் காருக்கு மட்டும் ஒரு சொட்டுகூட வேண்டாம்; விடியற்காலை வரிசையில் முதல் வண்டியாக ஒன்றாவது கிளம்பவேண்டும் அல்லவா?