வெண்டல் ஹௌகன் நான்கு டிக்கெட் வென்ற படலம்

ஸ்போக்கேன் நகரத்துப் பள்ளிகளின் கொதிகலன்கள் அனைத்தையும் தன் திருகுசாவி ஒன்றினால் அடக்கியாளும் கைவன்மையன். தள்ளுபடி நாடி நாள்தோறும் நோற்கும் நோன்பினன். முழுவிலை எனும் அரக்கனுக்கு ஒருபோதும் முதுகு காட்டாத மார்பினன். ஹௌகன் குலத்து வெண்டல் வாழ்க. அவன் காதுமடல் மூடும் கம்பளிக் குல்லாய் வாழ்க. கத்தரித்த கூப்பன்களைக் கருவூலம்போல் காத்துக்கிடக்கும் அவன் சட்டைப்பை நீடு வாழ்க. அவன் பொருத போரையும், பெற்ற வெற்றியையும், அவ்வெற்றியின் முதுகில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்ததையும் இனிச் சொல்லுவோம்.

வடக்கே, மேகத்தைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு நிற்கிறது கிரேபேக் மலை. அதன் அடிவாரத்து ஜன்னலில் நின்று, ஒருவர் ஒருநாள் கம்பிவடத்தில் தொங்கி மேலேறும் இழுவை நாற்காலியில் ஏறிப் பனியில் சறுக்கி இறங்குவதற்கான டிக்கெட்டை வாங்கினால், அந்தப் பணத்தில் ஹௌகன் வீட்டார் ஒரு வாரம் உண்டு, மிச்சத்தை நாய்க்கும் போடலாம். நால்வருக்கு வாங்கினால் நாயையே விற்க நேரும். ஆகவே அம்மலைமேல் ஹௌகன் குடும்பம் முழுதாக ஏறி ஆண்டுகள் சில கழிந்திருந்தன. ஒரு குளிர்காலம் பனி பொய்த்தது. அடுத்த குளிர்காலம் பனி பொய்க்கவில்லை. தன் வீட்டு வாசற்படியில் உறைந்துகிடந்த அதன்மேல் கால்வைத்து, மலையைக் காணாமலே கணுக்காலை முறித்துக்கொண்டான் நம் தலைவன்.

இவ்வாண்டோ தள்ளிப்போட வழியில்லை. மூத்தவள் சோல்வெய்க், பதினைந்து வயதுப் பெண், இலையுதிர் மாதத்து இரவுணவின்போது கிழங்கு மசியலைக் கிளறிக்கொண்டே அச்செய்தியை வெளியிட்டாள்.

"அடுத்த குளிர்காலம் நான் பேக்கரில வேலைக்குப் போயிடுவேன்பா. சனி ஞாயிறெல்லாம் வேலை. எல்லாரும் சேர்ந்து போறதுன்னா இந்த வருஷம்தான்."

சாதாரணமாகச் சொன்னாள். ஆனால் மகள் தன்னோடு ஒரே நாற்காலியில் அமர்ந்து மலையேறும் கடைசிக் குளிர்காலம் இதுவாக இருக்கலாம் என்பது, அம்பு பாய்ந்த யானைக்கு வலி சற்றுப் பிந்தித் தெரிவதுபோல், பாத்திரம் துலக்குகையில்தான் வெண்டலுக்கு உறைத்தது. கையிலிருந்த தட்டை ஈரத்தோடு நெஞ்சில் அணைத்தபடி அவன் வஞ்சினம் உரைத்தான்: "நாலு பேரும் போறோம். ஒரு டிக்கெட்கூட ஜன்னல்ல வாங்க மாட்டேன்."

"சரி, முதல்ல தட்டைத் துடை," என்றாள் மனைவி மார்னி.

அன்றுமுதல் படைதிரட்டல் தொடங்கிற்று. பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கூடிய பழைய சாமான் சந்தையில், பிறர் குழந்தைகள் வளர்ந்து கழித்த ஸ்கீ கட்டைகளைக் கொண்டான். பத்து வயது டார்ஸ்டனுக்குக் கிடைத்த காலணி பெரிதாயிருக்க, அதன் வெற்றிடத்தை மூன்று காலுறைகளால் நிரப்பினான். முழங்காலில் கிழிந்த தன் பனிக்காற்சட்டையை வெள்ளிநிற ஒட்டுநாடாவால் சுற்றி, கவசம் பூண்ட காலாட்படை வீரனெனக் கண்ணாடிமுன் நின்றான். மலைவிடுதியின் உணவுக்கடையை நெருங்காதிருக்க, பீன்ஸும் மாட்டிறைச்சியும் மிளகாயும் போட்டு வீட்டிலேயே காய்ச்சிய சில்லியைப் பானையோடு கொண்டுபோவதென்றும் முடிவாயிற்று. எஞ்சியது டிக்கெட்.

நவம்பர் மாதத்தில் ஒரு காலைப்பொழுது, டானர் மளிகைக்கடையில், குடும்பப் பாக்கெட் எனும் அரும்பொருள் விற்பனைக்கு வரும். நான்கு டிக்கெட் அதில் உண்டு. விலையோ ஜன்னலின் இரண்டு டிக்கெட்டுக்கும் குறைவு. பாக்கெட்டுகள் சிலவே, நாடுவோர் பலர். கடை திறக்கும் வேளைக்கே அங்கே நிற்பதாகத்தான் வெண்டலின் வியூகம். ஆனால் அன்று விடியலில் ஒரு பள்ளியின் கொதிகலன் கொதிக்க மறுத்துச் சண்டித்தனம் செய்ய, அதை வழிக்குக் கொண்டுவந்து, கையில் எண்ணெய்க் கறையோடு அவன் கடைக்குள் நுழைந்தபோது வெயில் ஏறிவிட்டது.

நுழைந்தவன் கண்டது யாரை? ரொட்டி அடுக்கின் ஓரத்தில் தள்ளுவண்டியோடு நின்றான் ராய்ஸ் கெட்டில்மன். எதிர்வீட்டுக்காரன், பல் மருத்துவன், ஏரியில் படகும், தோலிருக்கைக் காரும் உடையவன், ஆயினும் உணவகத்தில் கைதுடைக்கும் காகிதத்தை மிகுதியாக எடுத்துப் பையில் போட்டுவருபவன். சிக்கனத்தில் வெண்டலுக்கு நிகரென்று அவ்வட்டாரத்தில் ஒருவன் உண்டென்றால் அவன் இவனே.

இரு வீரரின் கண்களும் ரொட்டிகளின் மேலாகச் சந்தித்தன.

"என்ன வெண்டல், ரொட்டி வாங்க வந்தியா?"

"ஆமா. நீ?"

"நானும் ரொட்டிதான்."

இருவரும் ரொட்டி எடுக்கவில்லை. கடையின் மறுகோடியில், பூங்கொத்துகளுக்கு அப்பால், வாடிக்கையாளர் உதவி மேசை இருந்தது.

முரசு முழங்கவில்லை, சங்கு ஊதவில்லை, தும்பை சூட எவருக்கும் நேரமில்லை, போர் தொடங்கிற்று. ஓடுதல் இழுக்கு. நடுத்தர வயதும் நல்ல பெயரும் உடைய ஆடவர் இருவர் தள்ளுபடிக்காக மளிகைக்கடையில் ஓடினரென்றால் ஊர் சிரிக்கும். ஆகவே நடந்தனர், ஆனால் அந்நடை, மதம் பிடித்த களிறுகள் மரியாதை கருதித் தம்மை அடக்கிக்கொண்டு நடக்கும் நடையாயிருந்தது. ராய்ஸ் பாற்கட்டி வீதி வழியே பாய, வெண்டல் தானிய வீதி வழியே விரைந்தான். தலைவனின் தள்ளுவண்டியில் முன்சக்கரம் ஒன்று கோணல். அது கிரீச்சென்று ஓலமிட்டு இடப்பக்கமே இழுத்து, அடுக்கியிருந்த தக்காளி டப்பாக் கோபுரத்தை உரசிச் செல்ல, உச்சியிலிருந்த டப்பா ஒன்று உருண்டு விழுந்தது. குனிந்து எடுத்து வைக்காமல் போக அவன் வளர்ப்பு இடந்தரவில்லை. எடுத்து வைத்தான். அதற்குள் பாற்கட்டி வீதியின் முனையில் ராய்ஸின் வழுக்கைத்தலை உதயமாகிவிட்டது. ஆனால் விதி, பாற்கட்டித் துண்டங்களை ருசிபார்க்கக் கொடுக்கும் பெண்மணி வடிவில் அங்கே நின்றிருந்தது. இலவசம் என்று நீட்டியதை மறுத்துப் பழகாத ராய்ஸின் கை தானாக நீண்டது. ஒரு துண்டம் எடுத்தான், இரண்டாவதும் எடுத்தான். அந்த இடைவெளியில், கோணல் சக்கரம் தீப்பொறி கக்க, வெண்டல் மேசையை எய்தினான்.

"கடைசி பாக்கெட் ஒண்ணுதான் இருக்கு," என்றாள் மேசைக்குப் பின்னிருந்த நடீன். "உங்க மெம்பர் நம்பர் சொல்லுங்க."

தலைவனின் முகம் வெளிறிற்று. கடையின் உறுப்பினர் அட்டை மார்னியின் பெயரில். அதன் எண், எப்போதோ காலிசெய்த பழைய வீட்டின் தொலைபேசி எண். கொதிகலன் ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் உறக்கத்திலும் ஒப்பிக்கும் அவன் நினைவில் அந்த எண் இல்லை.

பின்னாலிருந்து, பாற்கட்டி மென்றபடி, ஒரு குரல் வந்தது. "எனக்கு என் நம்பர் ஞாபகம் இருக்கு, நடீன். சும்மா சொல்லி வைக்கிறேன்."

வெண்டல் கைபேசியை எடுத்தான். மார்னி மருத்துவமனையில் இரவுப்பணி முடித்து வந்து உறங்கும் வேளை. உறங்கும் புலியை எழுப்பியோர் சிலர். எழுப்பிவிட்டுத் தொலைபேசி எண் கேட்டோர் அவன் அன்றி இலர்.

"யாராவது செத்துட்டாங்களா?" என்றது அவள் குரல்.

"இல்ல."

"அப்ப எதுக்கு எழுப்பின?"

"பழைய வீட்டு ஃபோன் நம்பர் வேணும். கடைல நிக்கிறேன். பின்னாடி ராய்ஸ் நிக்கிறான்."

கண் திறவாமலே அவள் எண்ணை ஒப்பித்தாள், அழைப்பைத் துண்டித்தாள். பாக்கெட் வெண்டலின் கைக்கு வந்தது. வாகை சூடிய மன்னனென அவன் திரும்ப, ராய்ஸ் வழிவிட்டு ஒதுங்கி, "நல்லா சறுக்குங்க," என்று மட்டும் சொன்னான். முகம் தொங்கியிருந்தது. வென்றவனுக்கு அதைப் பார்த்ததும் ஏனோ முழு மகிழ்ச்சி வரவில்லை.

வீட்டில் வெற்றிப்பொருளைச் சமையலறை மேசையில் வைத்தபோது, அதைத் திருப்பிப் பார்த்தவள் சோல்வெய்க்.

"அப்பா, இது திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும்தான் செல்லும். லீவு நாள்லயும் செல்லாது."

கோட்டையைப் பிடித்த பின்னர்தான் அதற்குள் கிணறு இல்லையென்று அறிந்த தளபதியின் நிலை அவனுக்கு. வெண்டலும் மார்னியும் ஒருசேர விடுப்பெடுக்கக் கூடியது வெள்ளிக்கிழமை மட்டுமே; பள்ளி நாளில் போவதென்றால் மருத்துவர் கையொப்பமிட்ட சீட்டு வேண்டும். அது இல்லாவிட்டால், சோல்வெய்க்கின் வெள்ளிக்கிழமைக் கணக்குத் தேர்வை மறுபடி வைக்கமாட்டார்கள்.

"பல் டாக்டர் சீட்டும் செல்லும்ல?" என்றான் டார்ஸ்டன், தானியச் செதிலை அள்ளி வாயில் போட்டபடி. "எதிர்வீட்டு ராய்ஸ்கிட்ட கேளு."

அந்தத் தெருவின் அகலம் சில அடிகளே. ஆயினும் வென்றவன் தோற்றவன் வாயிலை நாடிப்போகும் தெரு கடலினும் அகலமானது. ஒரு கிண்ணம் சில்லியைக் காணிக்கையாக ஏந்தி, பனித்தூறலில் குல்லாய் வெளுக்க வெண்டல் அதைக் கடந்தான். ராய்ஸ் தன் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தான். தலைவன் தன் வேண்டுகோளை எடுத்துரைத்தான். ராய்ஸ் மண்வாரியின்மேல் சாய்ந்து நின்று முழுவதும் கேட்டான்.

"பொய்ச் சீட்டெல்லாம் எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை என் கிளினிக் லீவு. காலைல சீக்கிரம் புள்ளைங்கள கூட்டிட்டு வா. நிஜமாவே பல்லப் பார்க்கறேன், நிஜமாவே சீட்டு தரேன். காசு வேணாம்."

"வேற என்ன வேணும்?"

"ஒரு டிக்கெட்."

"உங்கிட்ட இல்லாத காசா, ராய்ஸ்? ஜன்னல்ல வாங்கிக்கயேன்."

"ஜன்னல் விலைக்கா? எனக்கென்ன பைத்தியமா?" கிண்ணத்தை மோந்துபார்த்தான். "அந்த நாலு டிக்கெட்டும் எனக்கு மட்டும்தான் வாங்க வந்தேன். நாலு வெள்ளிக்கிழமை. பசங்க டெக்ஸஸ் போனதுலேர்ந்து தனியாத்தான் போறேன். நாலு பேர் உட்கார்ற நாற்காலில ஒருத்தனா உட்கார்ந்தா, அது காத்துல ஒரு பக்கமா சாயும் தெரியுமா?"

தெரியாது. வெண்டல் தெருவைத் திரும்பக் கடந்தான்.

அன்றைய இரவுணவில் நம் தலைவன் எழுந்து நின்றான். மகுடத்தைத் தானே கழற்றி வைக்கும் வேந்தனின் கம்பீரத்தோடு, கையில் மக்காச்சோள ரொட்டியோடு, அறிவித்தான்: "என் டிக்கெட்ட ராய்ஸுக்குக் கொடுக்கறேன். நீங்க மூணு பேரும் ஏறுங்க. நான் கீழ விடுதில உட்கார்ந்து பானையப் பார்த்துக்கறேன்."

சோல்வெய்க் தட்டைப் பார்த்தாள். பிறகு மார்னி சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு வளர்ந்து, கண்ணீர் துடைக்கும் அளவுக்குப் போயிற்று.

"வெண்டல், உட்காரு. என்னோடதக் கொடு."

"உன்னோடதா?"

"எனக்கு ஸ்கீயிங் பிடிக்காது."

"எப்பலேர்ந்து?"

"முதல் தடவை நீ கூட்டிட்டுப் போனதுலேர்ந்து. கால்விரல் மரத்துப்போகும். அந்த நாற்காலில ஏறும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வரும். ஒவ்வொரு தடவையும் நீ எனக்குன்னு அலைஞ்சு டிக்கெட் பிடிச்சுட்டு வந்து, நாய்க்குட்டி மாதிரி நிப்ப. எப்படிச் சொல்ல?"

வெண்டல் அமர்ந்தான். பல குளிர்காலமாக அவன் வெட்டிய கூப்பன்களும், விடியலில் நின்ற வரிசைகளும், மறுத்த மலைவிடுதிக் காபிகளும் ஒரு நெடும்படையாக அவன் கண்முன் அணிவகுத்துச் சென்றன. அவற்றில் நாலில் ஒரு பங்கு எவருக்குமே வேண்டாதிருந்தது. வெட்கம் வந்தது. பிறகு, பனிமலை உச்சியில் நடுங்கும் உதடுகளோடு தனக்காக அவள் சிரித்துநின்ற படங்கள் நினைவுக்கு வர, வெட்கம் வேறொன்றாக மாறிற்று. மேசைக்கடியில் அவள் கையைத் தேடிப் பற்றினான்.

"அப்ப விடுதில என்ன பண்ணுவ?"

"தூங்குவேன்," என்றாள் அவள், பேராசையோடு.

குறித்த வெள்ளிக்கிழமை புலர்ந்தது. பூட்டியிருந்த தன் கிளினிக்கைத் திறந்து, விளக்கேற்றி, இரு குழந்தைகளின் வாயையும் ராய்ஸ் முறைப்படி ஆராய்ந்தான். டார்ஸ்டனின் வாயில் சற்று நேரம் கூடுதலாக உலவினான்; ஒன்றும் சொல்லவில்லை; சீட்டில் கையொப்பமிட்டான். ஐவரும் ஒரே காரில் புறப்பட்டனர், பெட்ரோலை மிச்சப்படுத்த. மலைவிடுதியின் கணப்பருகே பானையைக் காலால் அணைத்து, கோட்டைப் போர்த்தி, சறுக்குவோர் முதல் சுற்றை முடிக்குமுன் மார்னி ஆழ்துயிலில் அமிழ்ந்தாள்.

பகலெல்லாம் ஏறினர், பகலெல்லாம் சறுக்கினர். ராய்ஸ் உறையுறையாய்க் கொண்டுவந்திருந்த இலவசச் சர்க்கரையையும், வெண்டல் சுமந்துவந்த வீட்டு வெந்நீரையும் கலந்து, உலகின் மிக மலிவான பானத்தை இருவரும் பருகி, ஒருவரையொருவர் வியந்தனர். ஒட்டுநாடாக் கவசம் கிழிந்து கொடியெனப் பறக்க, "அப்பா, உன் கால் உரியுது," என்று சோல்வெய்க் சிரித்தாள். மாலை சாய்கையில், கடைசி ஏற்றத்திற்காக நால்வரும் ஒரே நாற்காலியில் அமர்ந்தனர். நாற்காலி எப்பக்கமும் சாயவில்லை. கீழே தேவதாரு மரங்கள் வெண்குடை பிடித்து வரிசையாய் நிற்க, மேலே வானம் பொன்னுருக்கி ஊற்ற, சோல்வெய்க் தன் தலைக்கவசத்தைத் தந்தையின் தோளில் சாய்த்து, "வேலை சனி ஞாயிறுதான்பா. அடுத்த வருஷமும் வெள்ளிக்கிழமைன்னா நான் வருவேன்," என்றாள். அச்சொல் கேட்ட ஹௌகன் குலத் தோன்றல், மண்ணும் விண்ணும் ஆளும் மன்னர் எவரும் எய்தா மாட்சி எய்தி, முழுவிலையை வென்று, காலத்தையும் ஒரு வெள்ளிக்கிழமை அளவு வென்று, கண்கள் பனிக்க மலைமுடியை நோக்கியிருந்த அந்தத் தருணத்தில், மறுகோடியில் இருந்த ராய்ஸ் கனைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினான்.

டார்ஸ்டனுக்குக் கடைவாய்ப் பல் இரண்டில் சொத்தை இருந்தது.