தண்ணீருக்குள் வெடித்தால் பாதிச் சேதமாம்

கல்லடி,
மட்டக்களப்பு.
ஆவணி, 2010

அன்புள்ள மருமகன் ஜெயந்தனுக்கு,

மாமா வினாயகமூர்த்தி எழுதிக்கொள்வது. நானும் மாமியும் சுகம். ரொறன்ரோவில் நீயும் சுகமாயிருக்க மாமாங்கப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

நிற்க, நீ உண்டாக்கி, விளையாடிப் பார்த்துக் குறை சொல்லும்படி அனுப்பிய கதை விளையாட்டு கிடைத்தது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்லித் தாயக்கட்டை உருட்டுவது நல்ல வேடிக்கைதான். ஆனால் அந்த வெடிகுண்டு விதிக்காக உன்னை வாவிக்குள் தள்ள வேண்டும். தரையில் நிற்பவனுக்கு முழுச் சேதமாம், தண்ணீருக்குள் இருப்பவனுக்குப் பாதியாம். தண்ணீர் என்ன மெத்தையா? களவாய் டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறவர்களைக் கேட்டுப்பார். கரையில் நிற்பவனுக்குக் காது அடைக்கும், அவ்வளவுதான். உள்ளே நிற்பவனுக்குக் குடலே கலங்கிவிடும். இத்தனை வருடம் குண்டுகளோடு குடியிருந்த எங்களிடம் பாதி என்று சொல்ல உனக்கு வெட்கமாயில்லையா?

நான்தான் கதை சொன்னேன். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் நம் அசனார் கதையில் புதையல் தேடி வாவியில் முங்கினார். உன் மாமியும் வந்து உட்கார்ந்தாள். சுனாமிக்குப் பிறகு அவள் தண்ணீரில் கால்கூட நனைக்கவில்லை; தோணியைக் கொல்லையில் கவிழ்த்து அதன்மேல் விறகு அடுக்கிவிட்டாள், என்னையும் ஏற விடுவதில்லை. அப்படிப்பட்டவள் கதையில் தோணியேறி, முன்பெல்லாம் நிலவில் நம் வாவி மீன் பாடுவதைக் கேட்கச் செய்வதுபோல, துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காது வைத்தாள். பிறகு, "நானும் இறங்குறன்" என்றாள். நிலவு அடிவரைக்கும் வருகிறதாம், பாசி காலை உரசுகிறதாம், மீன்கள் பாடுகின்றனவாம். அவள் கண்ணை மூடிச் சொல்லச் சொல்ல அசனார் புதையலை மறந்துபோனார், நானும் கதை சொல்ல மறந்து அவளோடு கீழே நின்றேன், அந்த நேரம் பார்த்து நீ அனுப்பிய சீட்டுக்கட்டிலிருந்து வெடிகுண்டுச் சீட்டு வந்து தொலைத்தது.

"தங்கச்சி கீழ நிக்கிறா மச்சான், குண்டப் போடாத!" என்று கத்தினார் அசனார்.

"விதி விதிதான்" என்று உருட்டினேன். உன் கணக்குப்படி பாதிச் சேதம் மட்டும் கழித்தும் அவளுக்கு மிஞ்சியது ஒரேயொரு உயிர்ப்புள்ளி. மாமி கண்ணைத் திறக்கவில்லை. "மீன் பாட்ட நிப்பாட்டிட்டுது. கொஞ்சம் பொறுங்க, திரும்பப் பாடும்" என்றாள். அசனார் தன் புதையல் முழுவதையும் அவளுக்கே கொடுத்தார். இல்லாத புதையலில் வலு தாராளம்.

ஆகையால் மருமகன், அந்தப் பொய் விதியை உடனே வெட்டு. தண்ணீருக்குள் இரண்டு மடங்கு சேதம் என்று எழுது.

உனக்கும் வீட்டாருக்கும் எங்கள் ஆசிகள்.

அன்பு மாமா,
வினாயகமூர்த்தி

பி.கு.: அந்த விதியில் ஓர் எழுத்தையும் மாற்றாதே. இரண்டு மடங்கென்றால் மாமிக்கு என்ன ஆகியிருக்கும் என்று இப்போதுதான் யோசித்தேன். அவள் கொல்லையில் தோணிமேலிருந்த விறகை இறக்கிக்கொண்டிருக்கிறாள். "மீன் பாடுதா எண்டு பாக்கணும், துடுப்ப எடுத்திட்டு வாங்க" என்கிறாள். நான் போகிறேன்.