துரை கைவைத்த குழாய்

கதவைத் திறந்த அம்மாள் துரையைப் பார்த்தார், அவன் பெட்டியைப் பார்த்தார், அப்பாடா என்பது போல ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு அவனை நேராகச் சமையலறைக்கு அழைத்துப் போய், ஒழுகிக்கொண்டிருந்த குழாயைக் காட்டினார்.

துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேல்படிப்புக்காக அந்த ஊருக்கு அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தான். வாடகைக்குப் பேசிய அறையைக் காட்டுவார்கள், குளித்துவிட்டு மதியத்துக்குள் கல்லூரிக்கு ஓடலாம் என்பது அவன் கணக்கு. முதல் நாள் தலைகாட்டாதவன் இடத்தை, காத்திருக்கும் அடுத்த ஆளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவோம் என்று கல்லூரியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஊர்ப் பாஷையில் அவனுக்குத் தெரிந்தது வணக்கமும் நன்றியும்தான். இரண்டையும் சொன்னான். அம்மாள் தலையாட்டிவிட்டு மறுபடி குழாயைக் காட்டினார்.

துரை என்பது அவன் பெயரில்லை. குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காததால் அப்பா கொடுத்த பட்டம். வழியனுப்ப வந்த இடத்திலும் அப்பா சும்மா இருக்கவில்லை. "அங்க துரைக்கு யாரு சேவகம் பண்ணுவா? பாத்துக்கிட்டே இரு, ஒரே வாரத்துல திரும்பி வந்து நிப்பான்" என்று அவன் காதில் விழும்படியே அம்மாவிடம் சொன்னார். அந்த நிமிடமே துரை முடிவு கட்டிவிட்டான். தெரியாது, முடியாது என்ற இரண்டு வார்த்தைகளும் இனி அவன் வாயிலிருந்து வரக்கூடாது.

போதாததற்கு அக்கா வேறு. அந்த ஊரில் வேலை பார்க்கும் பெரியம்மா மகள். அறையைப் பிடித்துக் கொடுத்ததே அவள்தான். வீட்டுக்காரம்மா தங்கமானவர், நீயும் வீட்டுப் பிள்ளையாக நடந்துகொள், ஏதாவது வேலை சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இதுதான் அந்த வேலை போலிருக்கிறது என்று துரை சட்டைக் கையை மடித்தான்.

அம்மாள் அவன் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஜாடை காட்டினார். திறந்தான். உள்ளே சட்டைகளையும் புத்தகங்களையும் பார்த்து அவர் முகம் சற்று வாடியது. அம்மா கொடுத்துவிட்ட இனிப்பை எடுத்து நீட்டினான். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, எங்கிருந்தோ ஒரு துருப்பிடித்த ஸ்பேனரைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்.

துரை வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்பேனரைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் திருகினான். குழாயின் தலை கழன்று கையோடு வந்தது. சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீர் கூரையைத் தொட்டது.

அம்மாள் பதறவில்லை. இதெல்லாம் வேலையில் ஒரு பகுதி என்பது போல ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அந்த நம்பிக்கைதான் துரையை உசுப்பிவிட்டது. பெட்டியிலிருந்த புதுத் துண்டை எடுத்துக் குழாயின் வாயில் திணித்து இறுக்கிக் கட்டினான். மேலே தண்ணீர் நின்றது. அவன் நெற்றியைத் துடைத்துக்கொள்வதற்குள், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்த குழாய் படீரென்று விட்டுக்கொண்டது.

இப்போது கூடத்திலும் தண்ணீர். கல்லூரி, கல்லூரி என்று புத்தகத்தைக் காட்டி, கைக்கடிகாரத்தைக் காட்டி, வாசலைக் காட்டினான். அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று எழுந்து அவனை வாசலுக்கு வெளியே அழைத்துப் போனார். விடுதலை என்று நினைத்தான். அங்கே சுவரில் வரிசையாக இருந்த வால்வுகளை அவர் காட்டினார்.

துரை ஒன்றை மூடினான். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து, தலையெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். அவசரமாக அதைத் திறந்து அடுத்ததை மூடினான். மேல் மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். விடக்கூடாது, இன்று பின்வாங்கினால் அப்பா சொன்னது பலித்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசியிலிருந்த பெரிய வால்வை இரண்டு கையாலும் பிடித்து முழுப் பலத்தோடு திருகினான். அது மூடும் பக்கமல்ல. வால்வு பிய்த்துக்கொண்டு வர, மாடிப்படி அருவியாகிவிட்டது.

மதியமும் தாண்டிவிட்டது. கட்டடத்துக் காவல்காரர் வந்தார், மாடிக்காரர்கள் இறங்கி வந்தார்கள், எதிர்க் கட்டடத்திலிருந்தும் வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடினார்கள். துரை அத்தனை பேருக்கும் நடுவில் உடைந்த குழாயை உள்ளங்கையால் அடைத்தபடி நின்றான். கையை மட்டும் எடுக்கவேயில்லை.

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவனைப் பார்க்க வந்த அக்கா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

"நீ இங்க என்னடா பண்றே?"

"வீட்டுப் பிள்ளையா நடந்துக்கிறேங்க்கா."

"யாரு வீட்டுப் பிள்ளையா? உன் வீடு எதிர்க் கட்டடம்டா. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், நம்பரும் ஒண்ணு, இடம் மாறிடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

சொல்லியிருந்தாள். துரைக்கு அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. காவல்காரர் எங்கோ ஓடி மெயின் குழாயை மூடினார். தண்ணீர் நின்ற பிறகும் துரை கையை எடுக்க மறந்து நின்றான்.

அக்கா அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டு விவரம் விசாரித்தாள். பிளம்பர் வேண்டும் என்று அவர் கம்பெனிக்குச் சொல்லியிருந்தாராம். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், பாஷை தெரியாது, சின்னப் பையன், ஆனால் சொன்னதைத் தட்டாமல் செய்வார், காலையில் வந்துவிடுவார் என்றார்களாம். சொன்னபடியே ஒருவன் வந்தான், எதையும் தட்டாமல் செய்தான். அவனைக் குறைசொல்ல அம்மாளுக்கு மனம் வரவில்லை.

"காலேஜ் போச்சுக்கா" என்றான் துரை. "முதல் நாளே போகல. இந்நேரம் என் சீட்டை வேற யாருக்காவது குடுத்திருப்பாங்க."

அப்போது கூட்டத்திலிருந்து குடையை மடக்கியபடி இன்னொரு பெண்மணி முன்னால் வந்தார். எதிர்க் கட்டடத்து வீட்டுக்காரம்மா. அக்கா அவரிடம் துரையைக் காட்டி, இவன்தான் நான் சொன்ன தம்பி, உங்கள் வீட்டுக்கு வர வேண்டியவன் என்று அறிமுகப்படுத்தினாள்.

அவர் துரையை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்துவிட்டு மெல்ல ஏதோ கேட்டார். அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா சொல்றாங்க?"

"'இவன்தான் உன் தம்பின்னா, காலையில பெட்டியோட வந்து நின்ன பையனை நான் கையோட கூட்டிட்டுப் போய் காலேஜ்ல உக்கார வெச்சுட்டு வந்தேனே, அது யாரு?'ன்னு கேக்குறாங்கடா."