நான்கு மாதம் இளையவன்

இதுநாள்வரை என் தம்பியாக இருந்துவந்த அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் சௌக்கியம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் முதலில் உட்கார்.

ரிட்டயர் ஆனபின் நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்த்துச் சலித்துப்போய், என் மனைவி என்னை ஆன்லைன் பயிற்சி ஒன்றில் சேர்த்துவிட்டாள். குடும்ப வரலாறு தேடத் தொடங்குவோருக்கான வகுப்பு, வாரம் ஒன்று, மொத்தம் ஆறு. திரையில் பன்னிரண்டு கட்டங்களில் பன்னிரண்டு தலைகள். முதல் வகுப்பு முழுக்க என் கட்டத்தில் நெற்றி மட்டும்தான் தெரிந்ததாம். மைக்கை அணைக்கவும் எனக்குத் தெரியவில்லை. "ஏழு தலைமுறைய தேடப் போறாராம், மூக்குக் கண்ணாடிய தேடத் துப்பில்லை" என்று அவள் சமையலறையிலிருந்து சொன்னதை எல்லோரும் கேட்டார்கள், அதில் ஒரு பல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கியதை நானே பார்த்தேன்.

ஆசிரியை நல்ல பெண்மணி, ஆனால் கறார். "ஞாபகத்தை நம்பாதீங்க சார், காகிதத்தை நம்புங்க" என்பார். அதனால் இரும்புப் பெட்டியைக் குடைந்து நம் இருவருடைய பள்ளிச் சான்றிதழ்களையும் எடுத்து, அதில் இருந்தபடியே பிறந்த தேதிகளை வம்சப் பட்டியலில் போட்டேன். உடனே கம்ப்யூட்டர் சிவப்பில் கத்தியது. நீ பிறந்து நான்கே மாதத்தில் நான் பிறந்திருக்கிறேனாம், இது ஒரே தாய்க்குச் சாத்தியமா என்று சரிபார்க்கச் சொன்னது. விஷயம் என்னவென்றால், என்னைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று நீயும் வருவேன் என்று தெருவில் புரண்டு அழுதாயாம். அப்பா இருவரையும் ஒரே வகுப்பில் தள்ளிவிட்டு வந்தார். தேதி கேட்டதற்கு அவர் முழித்ததும், தலைமை ஆசிரியர் நம்மை நிற்கவைத்துப் பார்த்து, கொழுகொழுவென்றிருந்த உனக்கு முந்தைய தேதியும் நோஞ்சானாக இருந்த எனக்குப் பிந்தைய தேதியும் எழுதிவிட்டார்.

வயதான உறவினரைப் பேட்டி காணுங்கள், பதிலை நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள் என்பது இரண்டாம் பாடம். அத்தைக்குப் போன் செய்தேன். "அத்தை, நான் பிறந்த அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்றேன்.

"நல்ல மழை. ஆனா அது நீயா அவனான்னு தெரியலை. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் கத்துனீங்க."

வேறு காகிதம் எதுவும் இல்லை. சான்றிதழே செல்லும் என்று ஆசிரியை தீர்ப்பளித்தார். பட்டியலைச் சேமிப்பதாக நினைத்து நான் எதையோ அழுத்த, அது சொந்தக்காரர்கள் நாற்பத்தோரு பேருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆக, நீதான் மூத்தவன். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அறுபது வருஷமாக ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாய், என் பழைய சட்டைகளைப் போட்டாய், நான் சொன்னால் மறுபேச்சு பேசமாட்டாய். என்னை அண்ணா என்று கூப்பிட உன்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. இனி அதட்டும் உரிமை உன்னுடையது. கண் ஆபரேஷன் முடிந்த அத்தை இனிமேல் பெரியவன் வீட்டில்தான் இருப்பது என்று குடும்பமே கூடிப் பேசியதும் உனக்கு நினைவிருக்கும். காலை நாலு மணிக்கு ரேடியோ வைப்பார், குழம்பில் உப்பு பற்றிக் கருத்துச் சொல்வார், மற்றபடி தங்கமான மனுஷி. வெள்ளிக்கிழமை வருகிறார். அறையை ஒழித்து வை. பட்டியலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக நீ சந்தேகப்பட்டால் நான் மிகவும் மனம் நோவேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு, முறை மாறிவிட்டதால், என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது அத்தையே போன் செய்தார். பட்டியலை மருந்துக்கடைக்காரர் அவருக்குப் படித்துக் காட்டினாராம். "பெரியவன்கிட்ட யாருடா இருப்பா? எதுக்கெடுத்தாலும் அதிகாரம் பண்ணுவான். சின்னவன் வீட்டுக்குத்தான்னு நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன், உன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லாம இருந்தேன். இப்ப நீயே சின்னவன் ஆயிட்டே, சங்கடம் தீந்துது" என்றார். அந்தச் சான்றிதழ் சுத்தப் பொய் அத்தை என்று கத்திப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைவரை எதற்கு, நாளைக்கே வருகிறேன் என்று வைத்துவிட்டார். ஆகையால் மேலே எழுதியதில் ஒரு வரியும் செல்லாது. உடனே அவருக்குப் போன் செய்து நான்தான் உன் அண்ணன் என்று அடித்துச் சொல். இது அண்ணனின் உத்தரவு. இங்கே உன் அண்ணி, ஆமாம், அவள் உனக்கு என்றைக்கும் அண்ணிதான், முன்னறையைப் பெருக்கத் தொடங்கிவிட்டாள்.