கடைசிப் பாகத்துக்கு உம் கொட்டியவள்

ஊரில் எல்லோரும்தான் படம் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட மனிதர்களைக் கண்டாலே உசோமாவுக்கு இளக்காரம். நைஜீரியாவின் அபா நகரில் கார் உதிரி பாகம் விற்கிற கடை அவனுக்கு. கடையில் உதிரி பாகம் என்றால் வீட்டில் 'ஏழு மாமியார், ஒரு கிரீடம்' பத்துப் பாகம். அந்த அரண்மனைத் தொடருக்காகச் சொந்தமாக ஒரு இணையதளமே நடத்தினான். ஏழு மாமியாருக்கும் தனித்தனிப் பக்கம். மூன்றாவது மாமியாரின் தலைப்பாகைக்கு மட்டும் இரண்டு பக்கம். கட்டின பெண்டாட்டியின் பிறந்தநாளுக்குப் பக்கமும் கிடையாது, அன்றைக்கு அவள் பக்கத்தில் இவனும் கிடையாது.

தளத்தின் நெற்றியில் தன் பெயரோடு 'தலைமை ஆராய்ச்சியாளர்' என்று போட்டுக்கொண்டான். அவனுக்குக் கீழே ஒரு துணை ஆராய்ச்சியாளர்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

பதினோராவது பாகம்தான் கடைசி, ஞாயிறு நாலு மணிக்குத் தொலைக்காட்சியில் என்று அறிவிப்பு வந்தது. ஒனிட்ஷாவில் ஒருவன் இதே தொடருக்குப் போட்டித் தளம் நடத்துகிறான். அவனை முந்த வேண்டுமே! "முழுக்கதையும் முதலில் என் தளத்தில்தான் வரும். வராவிட்டால் தளத்தை இழுத்து மூடிவிடுவேன்" என்று உசோமா சபதம் போட்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும். "பெண்கள் அழுவதற்காகப் படம் பார்க்கிறார்கள். ஆராய்ச்சி என்பது ஆண்கள் வேலை" என்று ஒரு கட்டுரையையும் எழுதி ஏற்றினான். அவன் மனைவி ஒபியாகெலி சலூன் வைத்திருக்கிறாள். சடை பின்னிக்கொள்ள வந்த ஒருத்தி அந்தக் கட்டுரையைச் சத்தமாகப் படிக்க, சலூனே விழுந்து விழுந்து சிரித்தது. ஒபியாகெலி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புத்தியுள்ளவன் அப்போதே பயந்திருப்பான்.

ஞாயிறு வந்தது. சிங்கத்தலை போட்ட விழாச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான் உசோமா. மணி மூன்றரை. கரண்ட் போனது, அந்த ஊர்ப் பேச்சில் சொன்னால் வெளிச்சத்தை எடுத்துவிட்டார்கள். அவன் கலங்கவில்லை. 'அண்டை வீட்டானைவிட நான் மேல்' என்று ஊரே செல்லப்பெயர் வைத்திருக்கிற சின்ன ஜெனரேட்டர் அவனிடம் இருந்தது. கயிற்றை இழுத்தான். அது இருமியது. மறுபடி இழுத்தான். அதுவும் இல்லை.

"கேனே அம்மா! இதுல பெட்ரோல் இல்ல!"

"தெரியுமே, கேனே அப்பா."

கேனே அவர்கள் மகன், விடுதியில் படிக்கிறான். கடவுளுக்கு நன்றி சொல்கிற நல்ல இக்போப் பெயர். நம் காதில் அது வேறு மாதிரி விழுந்தால் அதற்கு அந்த மொழி பொறுப்பல்ல. இந்த அப்பன் விஷயத்தில் பெரிய தப்பும் இல்லை.

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"நேத்து மூணாவது மாமியாரோட தலைப்பாகையை ஏத்துறேன், ஏத்துறேன்னு ஓட விட்டீங்களே, அதுல தீந்துச்சு."

"உன் சலூன்ல ஒரு கேன் இருக்குமே?"

"இருக்கு. அது சலூனுக்கு. எங்க பொண்ணுங்க எல்லாம் அங்கதான் டிவி பாக்க வர்றாங்க."

"அப்ப நானும் வர்றேன்."

"ஐயோ, வேண்டாங்க! நாங்க எல்லாம் அழுவோம். தலைமை ஆராய்ச்சியாளர் சட்டை நனைஞ்சிடும்."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

பக்கத்து வீட்டில் பெரிய ஜெனரேட்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் போன மாதம்தான், "உன் வீட்டுச் சத்தத்தில் என் ஆராய்ச்சி கெடுகிறது" என்று அந்த வீட்டுக்காரனோடு மல்லுக்கு நின்றிருந்தான். இப்போது எந்த முகத்தோடு போய் நிற்பது? சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஐந்து மணி வாக்கில் "ஓ!" என்று ஒரு பெரிய ஆரவாரம். கொஞ்ச நேரத்தில் "ஐயோ!" என்று ஒரு பெரிய ஓலம். உசோமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கதை அந்தப் பக்கம் நடக்கிறது, சபதம் இந்தப் பக்கம் சாகிறது.

பொழுது சாயும்போது ஒபியாகெலி வந்தாள். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"வந்துட்டியா! சீக்கிரம் கதையச் சொல்லு!"

"வந்ததும் வராததுமாவா? தண்ணி டிரம் காலியாக் கிடக்கு."

தெருமுனைக் குழாய்க்கும் வீட்டுக்குமாகக் குடம் தூக்கினான். சட்டையில் இருந்த சிங்கம் நனைந்து பூனையாகிவிட்டது.

"இப்பச் சொல்லு!"

"பசிக்குதே. எபா கிண்டுறது யாரு?"

மரவள்ளி மாவை வெந்நீரில் கொட்டிக் களி மாதிரி கிண்டினான். கட்டி கட்டியாக வந்தது. அவள் அதைச் சூப்பில் தோய்த்து நிதானமாக விழுங்கிவிட்டு, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் இவனுக்குப் பொறுக்கவில்லை.

"கிரீடத்தத் திருடுனது மூணாவது மாமியார்தானே? நான் போன வருஷமே எழுதிட்டேன்!"

"ம்."

"தலைப்பாகைக்குள்ளதானே ஒளிச்சு வெச்சிருந்தா?"

"ம்."

"அஞ்சு மணிக்கு ஒரே ஆரவாரமா இருந்துச்சே, இளவரசன் அரியணை ஏறினப்பத்தானே?"

"ம்ம்."

"அப்புறம் ஐயோன்னு கத்தினாங்களே! கிழட்டு ராஜா செத்துட்டாரா?"

ஒபியாகெலி துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உசோமாவுக்கு அது போதும்.

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்கே, கேனே அப்பா" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை. அவனுக்குப் புல்லரித்துவிட்டது. மடிக்கணினியில் மிச்சமிருந்த பேட்டரியில் முழுக்கதையையும் அடித்து ஏற்றினான். ஒனிட்ஷாக்காரன் தளத்தில் ஒரு வரிகூட இல்லை. செத்தான் பயல்!

அந்த நேரம் பார்த்து வெளிச்சம் வந்தது. தெருவே கூச்சல் போட்டது. தொலைக்காட்சி தானாக உயிர் பெற்றது. அதன் அடியில் எழுத்து ஓடியது: கால்பந்து ஆட்டம் பெனால்டி வரை நீண்டுவிட்டதால் 'ஏழு மாமியார், ஒரு கிரீடம்' அடுத்த ஞாயிறு ஒளிபரப்பாகும்.

தளத்தைப் பார்த்தான். முதல் கருத்து ஒனிட்ஷாவிலிருந்து வந்திருந்தது. "வாழ்த்துகள், தலைமை ஆராய்ச்சியாளரே! இன்னும் போடாத படத்தைப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான்." அதற்குக் கீழே சிரிப்பு, சிரிப்பு, ஒரே சிரிப்பு. இத்தனை கூட்டம் இந்தத் தளத்துக்கு வந்ததே இல்லை.

"கேனே அம்மா! படமே போடலையாமே! கதை சொல்லுன்னா கதை விட்டுட்டியேடி!"

"நானா? நல்லா யோசிச்சுப் பாருங்க. கதை சொன்னது நீங்க. நான் உம் கொட்டினேன். கதை கேக்கிறவங்க உம் கொட்டறதுதானே மரியாதை?"

"அப்ப ஏன் கண்ணு செவந்திருக்கு?"

"பெனால்டில நம்ம டீம் தோத்துப்போச்சுங்க. நாங்க அழத்தானே பாக்கிறோம்? ஆராய்ச்சி ஆம்பளைங்க வேலையாச்சே."

உசோமா தலையில் கை வைத்துக்கொண்டான்.

"தளத்த மூடிட வேண்டியதுதான்."

"எதுக்கு மூடணும்? இப்பத்தான் நாலு பேரு வந்து சந்தோஷமா சிரிச்சிட்டுப் போறாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நிஜமாவே போடுறாங்க. சலூன்ல ஒரு ஸ்டூல் போட்டுத் தர்றேன். காலையிலயே டிரம்மை ரொப்பி வெச்சிட்டு, எபாவைக் கட்டி இல்லாமக் கிண்டி வெச்சிட்டு வாங்க. என்ன?"

"ம்" என்றான் உசோமா.