பெரியப்பாக்களை எண்ணப் போன கதை

சாவு வீட்டுக்குப் போய், செத்தவர் நிஜமாகவே செத்துவிட்டாரா என்று விசாரித்தவன் நான். இத்தனை வருடம் இதை வெளியில் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

2003-இல் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் சேர்ந்தேன். திருச்சியில் எம்.பி.ஏ. முடித்த சூடு ஆறவில்லை. நான் சேர்ந்த மாதம்தான் 'பர்சனல் டிபார்ட்மென்ட்' என்ற போர்டைக் கழற்றிவிட்டு 'ஹெச்.ஆர்.' என்று மாட்டினார்கள். போர்டு மாறியதும் உள்ளே இருந்த மேஜை, ஃபேன், ஃபேனுக்குக் கீழே தூங்கிய கிளார்க் எல்லாமே மாறிவிட்டதாக நம்பினேன். (நம்பியவன் நான் ஒருவன்தான்.) சுண்ணாம்புத் தூசி பறக்கிற ஊரில் டை கட்டிக்கொண்டு திரிந்த ஒரே பிராணியும் நான்தான்.

சென்னைக்கு ஒரு கருத்தரங்குக்கு அனுப்பினார்கள். கோட்டு போட்ட ஒருவர் ஏ.சி. அறையில் நின்றுகொண்டு, ஊழியர்கள் வேலைக்கு வராததுதான் இந்தியத் தொழில்துறையைப் பிடித்த நோய் என்றார். மத்தியானம் நல்ல சாப்பாடு போட்டதால் அதையும் நம்பினேன். திரும்பி வந்ததும் ஒரு படிவம் தயாரித்தேன். 'துக்க விடுப்பு உறுதிப்படுத்தும் படிவம்.' மொத்தம் பதினாலு கேள்வி. அதில் ஒன்று: 'இறந்தவருக்கும் ஊழியருக்கும் உள்ள நெருக்கம் – அதிகம் / நடுத்தரம் / குறைவு.' இந்த மூளைக்குச் சம்பளம் வேறு கொடுத்தார்கள்.

அதில் முதலில் மாட்டியவர் செல்வராசு. பேக்கிங் பிளான்ட்டில் ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். அடுத்த மாதம் நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அந்த நேரத்தில், 'பெரியப்பா இறந்துவிட்டார்' என்று லீவு சொல்லி அனுப்பினார். ரெஜிஸ்டரைப் புரட்டினேன். பொங்கலுக்கு ஒரு பெரியப்பா. ஆடியில் ஒரு பெரியப்பா. இப்போது இன்னொருவர். அவர் ஊரோ குன்னம் பக்கம், அங்கே வெங்காயம் பிடுங்குகிற சமயம். ஆகா, ஆள் அகப்பட்டான் என்று துள்ளினேன்.

மேனேஜர் நடராஜன் சார், "வேணாம் தம்பி, விடுங்க" என்றார். பழைய காலத்து ஆள், இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பட்டியலிலிருந்து பெயரை நீக்கும் கடிதத்தை டைப் அடித்துப் பையில் வைத்து, வெங்காயக் காட்டில் கையும் களவுமாகப் பிடிக்க கேமராவைக் கழுத்தில் மாட்டி, கிளார்க்கின் பைக்கில் கிளம்பினேன்.

ஊருக்குள் நுழையும்போதே மேளச் சத்தம். பந்தல். நாற்காலியில் ஒரு பெரியவரை உட்கார வைத்து, தாடையைச் சேர்த்துத் துண்டு கட்டி, மாலை போட்டிருந்தார்கள். என் கேமராவைப் பார்த்ததும் ஒரு குரல்: "போட்டோக்காரரு வந்துட்டாருப்பா! எல்லாரும் வாங்க!"

மகன், மகள், பேரன் பேத்தி என்று இருபது பேர் பிணத்தைச் சுற்றி நின்றுவிட்டார்கள். பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர், "பெரம்பலூர் ஸ்டூடியோவா தம்பி?" என்றார்.

ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் மெத்தப் படித்தவன் அல்லவா? "இல்லைங்க, ஃபேக்டரி. செல்வராசு சாவுக்குத்தான் லீவு போட்டாரான்னு பாக்க வந்தேன்" என்றேன்.

மேளம் நின்றது.

"பாத்துக்கங்க. கிட்ட போயி நல்லா பாருங்க. மூச்சு கீச்சு வருதான்னு" என்றார் அந்தப் பெரியவர்.

அப்போதாவது வாயை மூடினேனா? "இல்ல, ஒரே வருஷத்துல மூணு பெரியப்பான்னா..." என்று இழுத்தேன்.

"அவங்கப்பன் ஏழாவது புள்ள. இவரோட மூணு பேரு போயிட்டாங்க. மிச்சம் மூணு பேரு, தோ உக்காந்திருக்கோம்" என்று பெஞ்சைக் காட்டினார். "பேரை இப்பவே குறிச்சுக்கறீங்களா? அப்பறம் ஒவ்வொரு தடவையும் வெயில்ல அலைய வேணாம் பாருங்க."

பக்கத்தில் இருந்தவர், "இனிசியலும் வேணுங்களா?" என்றார்.

எனக்கே நாலு பெரியப்பா. பொங்கலுக்குப் பொங்கல் காலில் விழுந்து காசு வாங்கியவன். எம்.பி.ஏ. படித்ததில் அந்த நாலு பேரும் நினைவிலிருந்து எப்படித் துடைத்துக்கொண்டு போனார்களோ தெரியவில்லை.

பிறகுதான் செல்வராசு வந்தார். ஈர வேட்டி, அழுது வீங்கிய கண். என்னைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சார், ஞாயித்துக்கெழம டபுள் டூட்டி பாத்துடறேன் சார். லிஸ்ட்டுல இருந்து பேரை மட்டும் எடுத்துறாதீங்க. ஒம்போது வருசம் சார்."

பெரியப்பாவின் பிணம் பக்கத்தில் இருக்க, ஒரு மனிதர் என்னைப் போன்ற பொடியனிடம் கெஞ்சினார். அப்படி ஒரு அவமானம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பையில் இருந்த கடிதத்தை உள்ளேயே கசக்கினேன். "போட்டோ எடுக்கத்தான் வந்தேங்க, போயி நில்லுங்க" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. இருந்தாலும் நின்றார்கள். ஃபிலிம் தீரும்வரை எடுத்தேன்.

நான் ஆலைக்குத் திரும்புவதற்குள் செய்தி ஷிப்ட் பஸ் ஏறி வந்து சேர்ந்துவிட்டது. நடராஜன் சார் என் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "செத்தவர்கிட்ட கையெழுத்து வாங்குனீங்களா தம்பி?" என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அடுத்த மாதம் பட்டியல் ஒட்டினார்கள். செல்வராசு நிரந்தரம். என்னுடைய புரொபேஷன் மேலும் ஆறு மாதம் நீட்டிப்பு. அந்த நீட்டிப்புக் கடிதத்தையும் நானே டைப் அடித்து, நடராஜன் சாரிடம் கையெழுத்து வாங்கி, நானே பெற்றுக்கொண்டேன். செல்வராசு லட்டு கொடுக்க வந்து, குத்தலே இல்லாமல் கேட்டார்: "நீங்க எப்ப சார் பெர்மனென்ட் ஆவீங்க? பெரியப்பா வெசாரிச்சாரு."

இதை அவரே என் கல்யாணப் பந்தியில் புதுப்பெண்ணிடம் இலைக்கு எதிரே நின்று விலாவாரியாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று பிடித்தது சனி. பால் பொங்க விட்டாலும் சரி, அவள் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வர முடியாது என்றாலும் சரி, அவள் கத்துவதில்லை. "இன்னும் ஆறு மாசம் நீட்டிச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்வாள். பிள்ளைகள் இரண்டும் எப்போதோ பெர்மனென்ட் ஆகிவிட்டன. நான்தான் இன்னும் ஆகவில்லை.