லேசான வாழ்க்கையும் பின்னிருக்கைத் தலைவரும்

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்டதற்குப் பிறகு மனித குலம் தன் பாரத்தைக் குறைக்க எடுத்த மாபெரும் முயற்சி எது என்று கேட்டால், குசகாபே நொரியோ, ஜப்பானில் குட்டிக் கார்களுக்கென்றே தரும் மஞ்சள் எண்பலகை மாட்டிய தம் சின்னக் காருக்குப் பின்னால் முகாம் டிரெய்லர் ஒன்றை மாட்டியதைத்தான் சொல்லவேண்டும்.

குசகாபே வேலை பார்த்த நிறுவனம் இரும்பு அலமாரி செய்வது. அலமாரிகள் விற்காமல் கிடங்கு நிரம்பியதும், மக்கள் பொருளாசையை விட்டொழிக்கவேண்டும் என்ற உயர்ந்த எண்ணம் தலைமையகத்துக்கு உதித்தது. அதன் பெயர் 'லேசான வாழ்க்கைத் திட்டம்'. குட்டிக் காரால் இழுக்கக்கூடிய குட்டி டிரெய்லர். இரண்டு பேர் படுக்கலாம், ஒருவர் புரளலாம்.

"அறுநூத்தி அறுபது சிசி காரு இதை மலை மேல இழுக்குமா?" என்று ஆலோசனைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"மனசிருந்தா இழுக்கும்," என்றார் துறைத் தலைவர் இவாகுரா. அவர் உட்கார்ந்ததும் நாற்காலியும் ஆமோதித்து முனகியது. குறிப்பில் 'இழுவைத் திறன்: மனம்' என்று பதிவானது. சோதனைப் பயணத்துக்குக் குசகாபே 'தாமாக முன்வந்தார்'. அவர் பெயரைத் தலைவர் படித்தபோது அவரும் முதல்முறையாகக் கேட்டார்.

வீட்டில் மனைவி சயோரி மறுப்பே சொல்லவில்லை. கல்யாணமான வாரம் ஏரிக்கரைக்குப் போய்ச் சூரியன் மறைவதைப் பார்ப்பதாக இருந்தார்கள். அந்த வாரம் கிடங்கில் சரக்குக் கணக்கெடுப்பு. அடுத்த வருடம் தலைவரின் மகனுக்கு வீடு மாற்றம். இப்படியே இருபது வருடம். சோதனைப் பயணம் அதே ஏரிக்கரைக்கு, சனிக்கிழமை; அன்று அவர்கள் திருமண நாள்.

"ஏங்க, இந்தத் தடவையும் சூரியனைப் பார்க்க விடலைன்னா, மிச்ச சூரியனையெல்லாம் நான் தனியாவே பார்த்துக்கறேன்," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குசகாபேவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

டிரெய்லர் ஓட்டும் பயிற்சி ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. ஞாயிறுதோறும் குசகாபே தலைவரின் கோல்ஃப் பந்துகளைத் தேடிக்கொண்டிருந்ததால், பயிற்சிக்குப் போனவள் சயோரி. மாட்டுவது, கழற்றுவது, பின்னோக்கி எடுப்பது எல்லாம் அவளுக்கு அத்துபடி. குசகாபேவுக்கு முன்னோக்கிப் போகத் தெரியும்.

சனிக்கிழமை காலை வாசலில் இவாகுரா நின்றார். கையில் கோல்ஃப் பை.

"நானும் வந்து ஒரு ராத்திரி தூங்கிப் பார்க்கறேன். நேரடி ஆய்வு."

"டிரெய்லர்ல ரெண்டு பேர்தான் தலைவரே..."

"கூடாரம் இருக்கில்ல? நீங்க ரெண்டு பேரும் அதுல படுங்க. அது இன்னும் லேசு!"

காரில் மரியாதைக்குரிய இடம் ஓட்டுநருக்குப் பின்னிருக்கை. அங்கே மெத்தையும் அடுப்பும் இருந்தன; டிரெய்லரில் வைத்தால் எடை கூடிவிடும் என்று காரில் ஏற்றியவை. தலைவர் பின்னால் அமர, மெத்தை முன்னால் வந்தது. முன்னால் சயோரி இருந்தாள். ஆக, டிரெய்லரில் இருக்கவேண்டியது காரிலும், காரில் இருக்கவேண்டியவள் பேருந்திலும் என்று எல்லாம் அறிவியல்பூர்வமாக ஒழுங்கானது.

"பார்த்தியா, உன் சம்சாரம்தான் லேசான வாழ்க்கையை முதல்ல புரிஞ்சுக்கிட்டது," என்று தலைவர் கைதட்டினார். சயோரி பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

சமவெளியில் கார் பாடிக்கொண்டே போனது. கணவாய் ஏற்றம் தொடங்கியதும் பாட்டு முனகலானது. முந்தக்கூடாத வளைவுகள். பின்னால் வண்டிகள் சேர்ந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை, அடிப்பார்களா? பொறுமைக்கு நன்றியாகக் குசகாபே நான்கு விளக்குகளையும் இரண்டு முறை சிமிட்டினார். பின்னால் வந்த நூடுல்ஸ் வண்டி 'பரவாயில்லை' என்று சிமிட்டியது. அதைத் தமக்குச் சொன்ன நன்றியாக எடுத்துக்கொண்டு அடுத்த கார் சிமிட்டியது. கொஞ்ச நேரத்தில் மலை முழுக்க நன்றி மினுக்கியது. கடைசியில் வந்தவர்கள் மேலே ஏதோ திருவிழா என்று நினைத்து நிம்மதியாக இருந்தார்கள்.

ஜன்னலில் யாரோ தட்டினார்கள். சயோரி. வரிசையில் மாட்டிக்கொண்ட பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்தவள், காருக்குப் பக்கத்தில் சாவகாசமாக நடந்தாள்.

"என்னங்க, நடந்து வந்தே உங்களைப் பிடிச்சுட்டேன்."

"பேசாம வா, கவனம் சிதறும்."

"ஓரமா நிறுத்தி அவங்களை விடுங்களேன்."

"நின்னா திரும்ப ஏறாது."

"அப்போ அவரை இறக்கி விடுங்க."

குசகாபே கண்ணாடியில் பார்த்தார். இவாகுரா வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். "அதெப்படி? தலைவராச்சே."

"தூங்கினா எடை இருக்காதா?"

"அவர் எடையைக் கேக்கவே முடியாது சயோரி. கேக்காத எடையைக் கணக்குல எப்படிச் சேர்க்கறது?"

அவள் நின்றாள். கார் அவளைத் தாண்ட வெகு நேரமானது.

பிறகு சயோரி வரிசையைப் பார்த்து ஏதோ சொன்னாள். நூடுல்ஸ்காரர் இறங்கினார். பேருந்தே இறங்கியது. "மன்னிக்கணும், தள்ளலாமா?" "மன்னிக்கணும், தாராளமா!" என்று ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டபடி எல்லோரும் டிரெய்லரைத் தள்ள, ஊர்வலம் உச்சியிலிருந்த வாகன நிறுத்தத்தை அடைந்தது. கீழே ஏரி முழுசாகத் தெரிந்தது.

குசகாபே பண்புள்ளவர். உடனே இறங்கிப் போய், தொல்லை கொடுத்ததற்காக ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் இடுப்பு வளைய வணங்கினார். அவர்களும் வணங்கினார்கள். முதலில் நிமிர்பவர் மரியாதை கெட்டவர் என்பதால் யாரும் நிமிரவில்லை. பேருந்து ஓட்டுநருடன் அது நீண்டது. முதுகுக்குப் பின்னால் ஏதோ 'கிளிக்' என்றது. தம் இடுப்பு என்று நினைத்துக்கொண்டார்.

முகம் சிவந்து ஓடிவந்து காரில் ஏறினார். கார் பாய்ந்தது! வளைவுகள் வெண்ணெயாக வழுக்கின. குசகாபே வாய்விட்டுச் சிரித்தார். இவாகுரா விழித்தார். "நான் சொல்லலை? மனசு!"

"ஆமா தலைவரே! பின்னால ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு!"

கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஒன்றுமே இல்லை. பக்கத்து இருக்கையிலும் மெத்தை இல்லை, அடுப்பு இல்லை. கைபேசி ஒலித்தது.

"ஏங்க, இங்கிருந்தே சூரியன் அருமையா தெரியுது. நாலு பேர் சேர்ந்து தள்ளி டிரெய்லரை நல்ல இடமா நிறுத்தியாச்சு. டீ போட்டுட்டிருக்கேன்."

"சயோரி! தலைவர் எங்க தூங்குவாரு?"

"கூடாரம் உங்க கார்லதானே இருக்கு. அது இன்னும் லேசாம்."

இருபது வருடமாகத் தள்ளிப்போட்ட சூரியன் மறைந்தபோது, ஏரிக்கரையில் குசகாபே தலைவருக்காகக் கூடாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதுகு ஏரிப் பக்கம்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் திட்டம் 'முழு வெற்றி' என்று இவாகுரா அறிவித்தார். டிரெய்லர் இன்னும் கணவாய் உச்சியில்தான் இருந்தது, சயோரியும்தான்.

"ஒரு சந்தேகம்," என்றார் ஒருவர். "கார் ஏறத் திணறினா, முதல்ல எதை இறக்கணும்?"

குசகாபே எழுந்தார். தலைவரைப் பார்த்தார். தலைவரின் நாற்காலி முனகியது. நீண்ட நேரம் வணங்கிவிட்டு நிமிர்ந்தார்.

"மனைவியை," என்றார்.

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.